இரண்டு மில்லிமீட்டர்

லோஜினி படகில் ஏறிவிட்டாள். ஏறி உட்கார்ந்து, செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட்டின் கொளுவிகள் மூன்றையும் இரண்டிரண்டு தடவை இழுத்துப் பார்த்து, தேத்தண்ணிப் போத்தலையும் ரோல்ஸ் பெட்டியையும் கைப்பையையும் மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, “சரி, விடுங்கோ” என்றும் சொல்லிவிட்டாள். அந்த இரண்டு சொல்லுக்கு அவள் புருஷன் தவபாலன் நாலு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. நாலு வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டு ஆர்னேக்கு முழங்கால் பழுதாகி, இனிப் படகு சரிவராது என்று ஆனபோது, அந்த இருபத்தாறு அடிப் பாய்ப்படகை அவர் தவபாலனின் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் லோஜினி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். தலையில் கட்டியதை மனிதர் மகுடம்போலச் சூடிக்கொண்டு திரிகிறார் என்பது வேறு கதை. போன கிழமை, மரக்கறி நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் அவள் சொன்னாள்: “ஒருக்கா வாறன். ஒரேயொருக்கா. நான் பயந்தனெண்டால் இந்தச் சனியனை வித்துப்போட வேணும். சரியோ?” தவபாலன் உடனே சரி என்றார். அவர் எதற்கும் உடனே சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு மெல்ல யோசிக்கிற ஆள். இப்போது துறைமுகத்துக் கற்சுவர் பின்னால் போய்விட்டது, எஞ்சினை நிறுத்தியாயிற்று, நோர்வேயின் மேற்குக் கரைக்கு வருடத்தில் பத்து நாள் மட்டும் மனமிரங்கிக் கிடைக்கிற வெயில் முதுகில் இதமாகச் சுட்டது. “ஏன் நிண்டிட்டுது?” என்று லோஜினி கேட்டாள். “நிக்கேல்லை. காத்திலை போகுது.” அவள் பாயை அண்ணாந்து பார்த்தாள், மீன்காரனின் தராசைப் பார்க்கிறமாதிரி. பிறகு பார்வையைத் தாழ்த்தி, பரவாயில்லை, போகட்டும் என்பதுபோலக் கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கைப்பை மடியை விட்டு இறங்கியது நல்ல சகுனம் என்று தவபாலனுக்குப் பட்டது. மனம் குளிர்ந்துபோய் இருந்தது அவருக்கு.

முழங்காலுக்குமேல் பலகை, பலகையின்மேல் கடல்வரைபடம், அது பறக்காமல் இரண்டு பக்கமும் உடுப்புக் காயப்போடுகிற கொளுவி. ஒரு கை சுக்கானில். இப்படி உட்கார்ந்திருக்கும்போது தவபாலனுக்கு வயது அறுபத்தொன்று என்றோ, இருபத்திரண்டு வருடம் நகரசபை பஸ் ஓட்டி முதுகெலும்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்றோ நினைவில் இருப்பதில்லை. முதன்முதல் இந்தத் தாளைப் பார்க்கிறவர்கள் நீலத்தைக் கண்டதும் ஆழமான கடல் என்று நினைப்பார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். இதில் எல்லாம் தலைகீழ். வெள்ளையாக விட்டிருப்பதுதான் ஆழம். நீலம் என்றால் தண்ணீர் குறைவு, கவனம், அடி தட்டும். நிலமெல்லாம் மஞ்சள், அங்கே ஒரு வீடு மரம் கிடையாது, வரைந்தவர்களுக்கு நிலத்தைப்பற்றி அக்கறையே இல்லை. கடலுக்குள்தான் எல்லாக் கவனமும். எறும்பு ஊர்ந்ததுபோலச் சின்னச் சின்ன எண்கள், ஏழு, பன்னிரண்டு, நாற்பத்தொன்று, யாரோ ஒருவன் குளிரில் நின்று கயிறு விட்டு அளந்த மீட்டர்கள். அந்த யாரோ ஒருவனை நினைக்க இவருக்கு எப்போதும் நன்றியாக இருக்கும். “உந்தத் தடி என்ன, கையை நீட்டிக்கொண்டு நிக்குது?” என்றாள் லோஜினி. தண்ணீருக்கு மேலே கொஞ்சமாய்த் தலைகாட்டிய ஒரு பாறையில் இரும்புத் தூண் ஒன்று நட்டிருந்தார்கள். அதன் உச்சியில் ஒற்றைக் கை. “கை காட்டுற பக்கத்தாலை போகவேணும். மற்றப் பக்கம் கல்லு.” “கல்லுக்கும் கை வைச்சிருக்கிறாங்களோ!” “பேரும் வைச்சிருக்கிறாங்கள். இது பாதிரியார். அங்காலை தெரியிறது பசு. அதுக்குப் பக்கத்திலை கன்று.” லோஜினிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, பாதிரியார் கடந்துபோகும்வரை மரியாதையாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தவபாலன் தாளில் பாதிரியாரை விரலால் தொட்டார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் குதிரைத்தீவு, அங்கே மரத்துறையில் கட்டிவிட்டு, ரோல்ஸ், தேத்தண்ணி, வெயில்.

இந்தத் தாள்களோடு அவருக்கு எப்படிப் பழக்கம் வந்தது என்று கேட்டால் ஆர்னே சொல்லித்தந்தது என்பார். அது முழுப்பொய் இல்லை, அரைப்பொய். பஸ் ஓட்டுவதற்கு முன் அவர் மீன் தொழிற்சாலையில் இருந்தார், தலை வெட்டுகிற பகுதி. ஒரு திங்கட்கிழமை போனால் கதவில் பூட்டும் பூட்டின்மேல் கடிதமும் தொங்கின. வீட்டுக்குத் திரும்பிப் போய், கைக்குழந்தையோடு நிற்கிற லோஜினியிடம் இதைச் சொல்வதற்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாள் சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு வழக்கமான நேரத்துக்கு வெளிக்கிட்டு, வேறு போக்கிடமில்லாமல், சூடாக இருக்கிற ஒரே இடம் என்று நகர நூலகத்துக்குள் நுழைந்தார். அப்படிப் பதினொரு கிழமை. நோர்வே மொழி அப்போது அவருக்குப் பாதிதான் ஓடும், புத்தகங்கள் கைகொடுக்கவில்லை. மூலையில் அகலமான தட்டையான இழுப்பறைகள் இருந்தன. இழுத்துப் பார்த்தால் கடல். எண்ணும் கோடும் சின்னக் குறிகளும் மட்டும்தான், வாசிக்க மொழி தேவைப்படவில்லை. இந்தக் கரையின் ஒவ்வொரு கல்லையும் அவர் படகில் ஏறுவதற்குப் பதினெட்டு வருடத்துக்கு முன்பே, வேலைக்குப் போகாத வேலைநாட்களில், சாப்பாட்டுப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு பாடமாக்கியிருந்தார். பத்தாவது கிழமையோ பதினோராவதோ, காலையில் பெட்டியை நீட்டும்போது லோஜினி சாதாரணமாகக் கேட்டாள்: “அங்கை உள்ளுக்கு இருந்து சாப்பிட விடுவினமோ?” தொழிற்சாலையில் ஏன் விடமாட்டார்கள்? நூலகத்தில்தான் விடமாட்டார்கள். சப்பாத்தின் கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. விடுவினம் என்று மட்டும் சொன்னார். அவளும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பெட்டியில் ரசம், குழம்பு என்று சிந்தக்கூடியது எதுவும் வரவில்லை, பாணும் முட்டையும்தான் வந்தது. அடுத்த கிழமை பஸ் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகும் அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை. அதை இப்போது நினைத்தால் வெட்கமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது, இன்று வெயில் நன்றாக இருப்பதால் சிரிப்புக் கொஞ்சம் கூடுதலாக வருகிறது.

“இந்தப் பேப்பர் எப்ப அடிச்சது?” என்று லோஜினி கேட்டாள். எட்டி, மூலையில் இருந்த அச்சு எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆர்னே தந்தது. எழுபத்திநாலு.” “ஐயோ, அப்ப எனக்கு நாலு வயசு. அதுக்குப் பிறகு கடலுக்குள்ளை ஒண்டும் மாறேல்லையோ?” “மாறினதை நான் கீறியிருக்கிறன். பாரும், கத்தரிப்பூ நிறத்திலை இருக்கிறதெல்லாம் என்ரை கை.” அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமைதான். கடலோடிகளுக்கு என்று அரசாங்கம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அறிவித்தல் விடும்: இன்ன இடத்தில் விளக்கு அணைந்தது, இன்ன இடத்தில் புதிதாக ஒரு கல் கண்டுபிடிக்கப்பட்டது, இடம் இவ்வளவு பாகை, இவ்வளவு கலை. பொறுப்புள்ளவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் வரைபடத்தில் மையால் குறித்துக்கொள்வார்கள். போன பங்குனியில் சமையலறை மேசையில் உட்கார்ந்து தவபாலன் ஒன்பது திருத்தம் குறித்தார், ஒன்பதும் நுணுக்கமான கத்தரிப்பூ நிறப் புள்ளிகள். அதில் ஒன்று இதோ, இந்த நீரிணைக்கு நடுவே, சிறு சிலுவையும் சுற்றிப் புள்ளி வட்டமும், புதுக் கல், தண்ணீருக்குக் கீழே ஒரு மீட்டர் கூட இல்லை. படகின் அடிக்கட்டை ஒன்று தசம் மூன்று மீட்டர் போகும். அதனால்தான் கல்லுக்குக் கிழக்கே, அதற்கும் கரையோர நீலத்துக்கும் இடையே, பென்சிலால் பாதை போட்டு வைத்திருக்கிறார். எழுபத்திநாலு, என்றது மனம். எழுபத்திநாலில் செயற்கைக்கோளை வைத்து யார் இடம் சொன்னார்கள்? படகு வந்த பிறகு அவர் போன மாலை வகுப்பில் இங்கெர் என்ற அந்த உயரமான ஆசிரியை, சோக்குத் தூள் படிந்த கையை ஆட்டிக்கொண்டு, பழைய வரைபடத்தின் கட்டமும் இன்றைய செயற்கைக்கோள் கணக்கின் கட்டமும் ஒன்றல்ல என்று சொன்னாள். ஒரே கல்லுக்கு இரண்டிலும் இரண்டு இடம். இந்தப் பக்கத்தில் நூறு மீட்டர் வித்தியாசம் வரும், எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளிக் குறிக்க வேண்டும் என்று பழைய வரைபடத்தின் ஓரத்தில் ஒரு வரி அச்சிட்டிருக்கும், அதை வாசிக்காமல் பேனையைத் தொடாதீர்கள் என்றாள். தவபாலன் அதைக் கொப்பியில் அழகாக எழுதியும் வைத்தார். பிறகு தொட்டார் பேனையை. வாசிக்கவில்லை. வாசிப்பதற்கு ஓரம் இருக்கவில்லை. பலகைக்குள் அடங்கவில்லை என்று ஓரத்து வெள்ளையை அவரே கத்தரிக்கோலால், நேர்த்தியாக, அடிமட்டம் வைத்து வெட்டியிருந்தார்.

நூறு மீட்டர் என்பது இந்தத் தாளில் இரண்டு மில்லிமீட்டர். ஒரு அரிசியின் அகலம். அவர் பென்சில் கோட்டுக்கும் கத்தரிப்பூச் சிலுவைக்கும் இடையே இருந்ததும் அவ்வளவுதான். கல் உண்மையில் எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது? கிழக்கே என்றால் அவர் கோட்டின்மேலேயே, தண்டவாளத்தில் படுத்த மாடுமாதிரி. மேற்கே என்றால் கவலையில்லை, இன்னும் தூரம். வடக்கா, தெற்கா? வெட்டிய அந்தத் தாள் கீற்று மனதில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பின்பக்கம்தான் தெரிந்தது, ஏனென்றால் அது மேசையில் கிடந்ததைக் கண்டு லோஜினி அதில் கடைச்சாமான் எழுதியிருந்தாள்: சின்ன வெங்காயம், தயிர், கறிவேப்பிலை கிடைச்சால், பல்லுத் தூரிகை இரண்டு. முன்பக்கத்தை நினைக்க நினைக்கச் சின்ன வெங்காயம் வந்து நின்றது. அன்று கறிவேப்பிலை கிடைக்கவில்லை என்பதுகூட நினைவிருக்கிறது. தயிர் கொழுப்புக் கூடினது. ஒரு எழுத்து, வடக்கின் முதலெழுத்தோ கிழக்கின் முதலெழுத்தோ, ஒரேயொரு எழுத்துப் போதும், வரமாட்டேன் என்கிறது. கல்லுக்கு இன்னும் ஒரு கடல்மைல் இருக்கும், காற்று இதே கணக்கில் அடித்தால் கால்மணி நேரம். கைத்தொலைபேசி இருக்கிறது. மருமகன் அதில் புதுக் கடல்வரைபடம் ஏற்றித் தந்திருக்கிறான், படகு நகர நகரப் புள்ளியும் நகரும். ஆனால் அது லோஜினியின் கைப்பைக்குள் கிடக்கிறது. இன்று காலையில்தான், மகளின் முன்னால், என்ரை பேப்பர் இருக்க எனக்கென்னத்துக்கு உது என்று வீறாப்பாக நீட்டிக் கொடுத்தார். இப்போது அதைத் தாரும் என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால்? முப்பத்திரண்டு வருடமாக அந்த ஏனுக்குத் தவபாலன் பிடிகொடுத்ததே இல்லை. பஸ்ஸில் ஒருமுறை, பனி மூடிய காலையில், தவறான தெருவுக்குள் திருப்பிவிட்டார். பதினைந்து பயணிகள். ஒலிபெருக்கியை எடுத்து மன்னியுங்கள், வழி தவறிவிட்டது என்று சொன்னால் முடிந்தது. அவரோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நகரசபையே இன்று இந்த வழியாகத்தான் போகச் சொன்னதுபோல ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு கிழவி இறங்கும்போது புது வழி வடிவாக இருந்தது என்று நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

சத்தமில்லாமல் சுற்றிப் போவது அவருக்குக் கைவந்த கலை. இப்போதும் வழி இருக்கத்தான் செய்தது. வயிற்றுக்குள் ஒருமாதிரி இருக்கிறது, இன்றைக்குத் திரும்புவோம் என்று சொன்னால் லோஜினி அடுத்த நொடியே சரி என்பாள், இஞ்சி போட்டுத் தேத்தண்ணி தரலாம் என்றுகூடச் சொல்வாள். அவள் பயப்படவில்லை, எனவே படகை விற்கவும் தேவையில்லை. அடுத்த முறைக்குள் புது வரைபடம் வாங்கி, பழையதை மறைத்துவிடலாம். அலுங்காமல் குலுங்காமல் எல்லாம் சரியாகிவிடும். சொன்னாலோ, போச்சு. கல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று இந்தப் பெண்ணிடம் நடுக்கடலில் வைத்துச் சொன்னால், படகு போய்விடும், படகோடு இந்த வெயில், இந்தப் பாதிரியார், பசு, வேறொரு மனிதனாக அவர் நடமாடுகிற இந்த வெள்ளையும் நீலமும் எல்லாம் போய்விடும். லோஜினி ஊரில் சண்டை நடந்த காலத்தில் கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்தவள். அந்த ஒரு பயணத்தைப்பற்றி அவள் சொன்னது ஒரேயொரு வாக்கியம்: என்னோடை வந்த வள்ளம் நாலு, கரைக்குப் போனது மூண்டு. அதற்குப் பிறகு இந்த ஊரில் கார்களை ஏற்றிப்போகிற பெரிய படகில்கூட அவள் காரைவிட்டு இறங்குவதில்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டு மடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவள் இப்போது என்ன செய்கிறாள்? தவபாலன் ஓரக்கண்ணால் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். ஒரு கையைப் படகின் விளிம்புக்கு வெளியே விட்டு, தெறிக்கிற தண்ணீரில் விரல்நுனி படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டபோது சட்டென்று இழுத்து, குளிர், என்று தனக்குத்தானே சொல்லி, மறுபடி விட்டாள். “நல்லாத்தான் இருக்கு,” என்றாள், அவரைப் பார்க்காமல். பிறகு பார்த்து, “நான் ஏன் பயப்பிடேல்லை தெரியுமோ? நீங்கள் எல்லாம் அளந்து வைச்சிருப்பியள். உந்தப் பேப்பரிலை உங்களுக்குத் தெரியாததெண்டு ஒண்டு இருக்கோ?” என்றாள்.

அதை ஏன் அவள் அப்போது பார்த்துச் சொல்ல வேண்டும்? தவபாலனுக்குக் காது சூடாகியது. நூலகத்து இழுப்பறையில் வடகோடித் தீவுகளின் பழைய தாள் ஒன்று இருந்தது. அதில் ஒரு விரிகுடா முழுக்க வெள்ளை, ஒரு எண்கூட இல்லை. நடுவில் சாய்ந்த எழுத்தில் ஒரேயொரு சொல், அகராதியை எடுத்துப் பார்த்தார்: அளக்கப்படவில்லை. அவருக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. ஒரு அரசாங்கம், முத்திரை குத்தி, எல்லோரும் பார்க்கும்படி, எங்களுக்குத் தெரியாது என்று அச்சடித்து விற்றிருக்கிறது. எவ்வளவு தைரியம் வேண்டும் அதற்கு. அன்று அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு, இன்றைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தவர், மாலையில் வீட்டுக்குப் போய், இன்றைக்கு வேலை கொஞ்சம் கூட என்றார். வயிறு ஒருமாதிரி இருக்கிறது என்று இப்போது சொல்லலாம். சொல்வதற்கு வாயைக்கூடத் திறந்தார். அவள் விரல் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தது. இந்தக் கையிடமா பொய் சொல்வது என்று அவருக்கு வெறுத்துப்போனது, தன்மேலேயே. அவர் எட்டிப் பாயின் கயிற்றைத் தளர்த்தினார். பாய் படபடத்தது, படகு சோம்பலாகியது.

“இஞ்சாரும்,” என்றார். “எனக்கு ஒண்டு தெரியேல்லை.”

“என்ன?”

“முன்னுக்கு ஒரு கல்லு இருக்கு. தண்ணிக்குக் கீழை. நான் அதைப் பிழையாக் கீறிப்போட்டன். எந்தப் பக்கமெண்டு இப்ப எனக்குத் தெரியேல்லை.”

லோஜினி கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். ஈரத்தைத் துடைக்கவில்லை. முகத்தில் இருந்த வெயில் போய்விட்டது, உதடு வெளுத்தது, ஒரு கை தானாகப் போய் லைஃப் ஜாக்கெட்டின் கொளுவியைப் பிடித்தது. போச்சு என்று தவபாலன் நினைத்தார். “போன்?” என்றாள். “உம்மடை பைக்குள்ளை.” பையைத் திறந்து எடுத்து அழுத்தினாள், திரும்பவும் அழுத்தினாள். “செத்துப்போச்சு. காலமை முழுக்க இதிலைதான் ரொறன்ரோவிலை இருக்கிற அக்காவோடை கதைச்சுக்கொண்டிருந்தன்.” பிறகு அவர் மடியிலிருந்த தாளைப் பார்த்தாள். “கல்லை எப்பிடிப் பிழையாக் கீறினனீங்கள்?” என்றாள். எல்லாவற்றையும் சொன்னார், இங்கெர், கத்தரிக்கோல், ஓரம் எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல நெஞ்சுக்குள் ஏதோ இறுக்கம் அவிழ்வது அவருக்கே வியப்பாக இருந்தது. “வெங்காயம் எழுதின பேப்பரோ?” “ஓம். அதுதான்.” “அறுவான்,” என்று திட்டினாள் லோஜினி. அது யாருக்குச் சொன்னதென்று தெரியவில்லை, தாளுக்காகவும் இருக்கலாம். “இப்ப என்ன செய்யவேணும்?” “திரும்பலாம். திரும்பினாலும் பறவாயில்லை. இல்லாட்டில் நீர் முன்னுக்குப் போய் நிண்டு பாக்கவேணும். நான் சுக்கானை விட ஏலாது. வெயில் பின்னுக்கு இருக்குது, தண்ணி தெளிவு, கல்லெண்டால் மண்ணிறமாத் தெரியும். கண்டால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கையை நீட்டும்.” திரும்புவோம் என்றுதான் சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் முன்னால் கிடந்த நீட்டுத் தண்ணீரைப் பார்த்தாள், பின்னால் பாதிரியாரைப் பார்த்தாள், வெறுங்காலோடு எழுந்தாள். படகின் கூரையை இரண்டு கையாலும் பிடித்து, உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து, முன்முனைக்குப் போய், அங்கிருந்த கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றாள். அவள் முதுகு மட்டும்தான் இப்போது அவருக்குத் தெரிந்தது, செம்மஞ்சளாக.

அதற்குப் பிறகு பத்து நிமிடமோ இருபதோ, தவபாலனுக்குக் கணக்கில்லை. எதையும் யோசிக்க முடியாத நேரத்திலும் மனம் சும்மா இருக்கிறதா என்ன? சின்ன வெங்காயம், தயிர். பதினான்கு பாகைத் தண்ணீரில் நீந்தத் தெரியாத ஒருத்தியை லைஃப் ஜாக்கெட் எவ்வளவு நேரம் தாங்கும். கழுத்துக்குப் பின்னால் அவளுக்கு நரை இவ்வளவு ஏறியிருக்கிறதே, எப்போது ஏறியது, பக்கத்திலேயே இருந்தும் தெரியவில்லையே. மூன்று வள்ளம் கரைக்குப் போனது, நாலாவதில் யார் இருந்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கலாமா. இன்று கேட்டால் சொல்வாளா. காற்று பக்கவாட்டில் மெல்ல வந்தது, தண்ணீர் படகின் அடியில் சளசளத்தது, பசுவும் கன்றும் இடப்பக்கம் சாவகாசமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. படகின் வேகம் கோவில் வீதியில் நடக்கிற வேகம். தாளில் கத்தரிப்பூச் சிலுவை இருந்த இடம் வந்தது. இடப்பக்கத் தண்ணீர் கறுப்பாக, ஆழமாக, ஒன்றுமில்லாமல் கிடந்தது. ஆகவே அங்கே இல்லை. ஆகவே வேறெங்கோ. அப்போது லோஜினியின் வலக்கை வெடுக்கென்று நீண்டது. “இஞ்சாலை! இஞ்சாலை கல்லு! நேரை வருகுது! மற்றப் பக்கம் திருப்புங்கோ, கெதியா, கெதியா!” தவபாலன் சுக்கானை நெஞ்சோடு இழுத்தார். படகு ஒருமுறை தயங்கி, பிறகு தலையை மேற்கே திருப்பியது. வலப்பக்கம், ஒரு படகு நீளத்துக்கு அப்பால், அது வந்தது: மண்ணிறப் பாசி தண்ணீருக்குள் சாவதானமாக ஆடிக்கொண்டிருக்க, நடுவில் மஞ்சளாக ஒரு திட்டு, அதன்மேல் வெயில் வலைவலையாக நெளிந்தது. பார்க்க மிக வடிவாக இருந்தது. அவருடைய பென்சில் கோடு அதன் நடு உச்சியின்மேல் போயிருக்கும், மயிரிழை தவறாமல்.

கல் பின்னால் போய், வெறும் பழுப்பு நிழலாகி, பிறகு தண்ணீரோடு தண்ணீராகியது. லோஜினி போன மாதிரியே உட்கார்ந்து உட்கார்ந்து திரும்பி வந்தாள். முழங்கால் இரண்டும் சிவந்திருந்தன. எதிரே அமர்ந்து, போத்தலைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றினாள், பாதி வெளியே போயிற்று. மீதியை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கினார், குடிக்கவில்லை. “வித்துப்போடுவம்,” என்றார். “நாளைக்கே ஆர்னேயிட்டைச் சொல்லுறன். நீர் பயந்திட்டீர்.”

“பயந்தனான்,” என்றாள் லோஜினி. “நல்லாப் பயந்தனான்.” காற்றில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். “முப்பத்திரண்டு வருஷமா நீங்கள் தெரியும் தெரியும் எண்டு சொல்லச் சொல்லத்தானப்பா எனக்கு உள்ளுக்குப் பயம். என்னத்தைக் கொண்டுபோய் முட்டப்போறியளோ எண்டு. இண்டைக்குத்தான் தெரியேல்லை எண்டு சொன்னனீங்கள்.”

தவபாலனுக்குக் கண் கரித்தது. வெயில் என்று சொல்லியிருப்பார், வேறு நாளாக இருந்தால். தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார், அதில் சீனி தூக்கலாக இருந்தது, அவருக்குப் பிடித்தமாதிரி.

லோஜினி பலகையை அவருடைய மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்தாள். எண்கள்மேல் விரலை ஓட்டினாள். “அடுத்த கல்லு எங்கை?” என்றாள்.

அவர் காட்டினார். குதிரைத்தீவுக்கு முன்னால், துறைக்குள் திரும்புகிற இடத்தில் ஒன்று. “ஆனா இதையும் நான்தான் கீறினனான்,” என்றார்.

லோஜினி எழுந்து முன்பக்கம் போனாள்.